அறுபத்தொன்று

சனிக்கிழமை இரவு பிடித்தவை அறுபத்தொன்று.
நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.
க்ளெனிஸ் வாளியை இன்னொரு முறை கிளறிப் பார்த்தாள்.
போன மாதம் உள்ளூர்த் தவளை ஒன்று தப்பாக உள்ளே போய்விட்டது,
இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை அவள்.

அடிக்கக் கூடாது. விதி அது.
முதலில் ஃபிரிட்ஜ், ஒரு நாள் முழுக்க.
குளிரில் தூங்கிப்போகும்.
பிறகு ஃப்ரீசர்.
டார்வினிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி
இந்த ஊர்க் கூடத்தில் இருப்பது ஒரே ஃபிரிட்ஜ்:
கிரிக்கெட் குழுவின் வெண்ணெய்க்குக் கீழே
இரட்டைப் பையில், முடிச்சுப் போட்டு, தேதி எழுதி.

கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று
யாரோ கப்பலேற்றிக் கொண்டுவந்தார்களாம்.
வண்டைத் தவிர மற்றதெல்லாம் தின்றது.
தன்னைத் தின்ன வந்ததையும் கொன்றது.
ஆற்று வளைவில் டெஸ் காட்டிய உடும்பு
செத்து நாலு நாளாகியும்
வாய்த் தேரையை விடவில்லை.
உடும்புப்பிடி.

ஞாயிறு மதியம் புயல். மின்சாரம் போனது.
யாருக்கும் நினைவில்லை. எனக்கும்தான்.
திங்கள் காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தான் லொவெல்.
பை அசைந்தது.
அவன் போட்ட அலறலில்
எது எங்கே குதித்ததென்று ஒருவரும் பார்க்கவில்லை.
வெண்ணெய் டப்பாவின் மேல் ஈரத் தடம்.

எண்ணினோம். அறுபது.
மறுபடி எண்ணினோம், கையுறை போட்டு, ஒவ்வொன்றாக,
உறக்கம் கலைந்த முகங்கள்,
தங்கக் கரை கட்டிய கண்கள்.
ஒன்று என் விரலை உதைத்துத் தள்ளியது,
போர்வையை உதைக்கும் பிள்ளைபோல.

கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன் உண்டாம்.
ஃபிரிட்ஜுக்குள் தேரைக்கு
மின்வாரியம்.

நோட்டில் அடித்து எழுதினேன்.
"ஒன்றுதானே" என்றான் டெஸ்.
ஒன்றுதான். பெண்ணாயிருந்தால்
ஒரே ஈட்டில் முப்பதாயிரம் முட்டை.
அவனுக்குத் தெரியாததல்ல.
டார்ச்சுக்கு பேட்டரி வாங்கக் கிளம்பிவிட்டான்.

இரவு கூடத்தின் பின்னால் பொறி வைத்தோம்.
பொறிக்குள் ஒலிப்பெட்டி, அதில் ஓர் ஆண் தேரையின் குரல்,
தூரத்தில் டிராக்டர் ஓடுவதுபோல்.
நுணலும் தன் வாயால் கெடும்.
இங்கே அடுத்தவன் வாயால்.

பத்தரைக்கு, பேட்டரியை மிச்சம் பிடிக்கலாமென்று
க்ளெனிஸ் ஒலியை அணைத்தாள்.
டிராக்டர் நிற்கவில்லை.