தாமதத்துக்கான காரணம்

ஆறு மீட்டரில் கயிற்றைப் பிடித்துத்
தொங்கிக்கொண்டிருக்கிறேன்.
பினாங்குப் பாலத்தின் தூண் பக்கத்தில்தான்,
தெரியவில்லை. மைலோ நிறத் தண்ணீர்.
கையை நீட்டினால் சிப்பி கீறும்.
தலைக்கு மேலே லாரிகள்
பட்டர்வொர்த் போகின்றன;
அந்த அதிர்வு மட்டும்
பல்லில் கேட்கிறது.

கயிறு இரண்டு முறை இழுபடுகிறது.
படகிலிருந்து அஸ்மான்: நலமா?
இரண்டு முறை இழுக்கிறேன்: நலம்.
இன்னும் ஒன்பது நிமிடம்.

வேறு வேலையில்லை, கணக்குப் போடுகிறேன்.

மேலே ஒரு வளிமண்டலம்.
பத்து மீட்டருக்கு ஒன்று கூடும்.
இருபதில், அடிச்சேற்றில்,
தூணின் வெடிப்பைத் தடவிப் பார்த்த இடத்தில்
மூன்று.
மூச்சில் ஐந்துக்கு நாலு பங்கு நைட்ரஜன்,
எதற்கும் உதவாமல்
சோபாவில் உட்கார்ந்தே இருக்கும் விருந்தாளி.
அழுத்தம் எத்தனை மடங்கோ
அத்தனை மடங்கு கரையும்.
கரையில் நிற்பவனுக்கு
லிட்டர் ரத்தத்தில் பத்து மில்லி கரைந்திருந்தால்
கீழே, நிறையும்வரை இருந்தவனுக்கு, முப்பது.
அழுத்தத்தை மாறிலியால் பெருக்கு, அவ்வளவுதான்.
மாறிலி என்று பெயர்;
சூடு மாறினால் அதுவும் மாறும்.
பெயர் வைத்தவர்
இந்த ஊர் வெயிலில் நின்றிருக்க மாட்டார்.

கூடுதல் இருபது. என்னிடம் ஐந்து லிட்டர் ரத்தம்.
நூறு மில்லி.
அரை கிளாஸ் தே தாரிக் அளவு காற்று
சத்தமில்லாமல் எனக்குள்.
கொழுப்பில் ஐந்து மடங்கு கரையுமாம்;
நேற்றைய நாசி கண்டாரை
இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

வேதமணி சேர்க்காமல் விட்டது ஐந்து நிமிடம்.
மழை வருகிறது என்று ஏறிவிட்டான்.
படகில் சிரித்தபடி சிகரெட் கேட்டான்,
பற்றவைக்க விரல் மடங்கவில்லை.
லூமுட்டில் இரும்பு அறைக்குள் படுக்கவைத்து
மறுபடியும் அழுத்தினார்கள்,
நுரைத்ததைத் திரும்பக் கரைக்க.
இப்போதும் அவன் நடந்தால்
இடக்கால் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது.

மூன்று நிமிடம்.
ஒரு ஜெல்லிமீன், பிளாஸ்டிக் பையாகவும் இருக்கலாம்,
முகக்கண்ணாடியை உரசிப் போகிறது.
மூச்சை விடுகிறேன். குமிழிகள் எனக்கு முன்னால் ஏறுகின்றன,
போகப் போகப் பெருத்து.
அவை வெளியே இருக்கும்வரை அழகுதான்.

ஏறினேன்.
அஸ்மான் துண்டு தந்தான்.
மிஸ்டர் லிம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்;
படகு வாடகை மணிக்கணக்கில்.
படிவத்தில் நாலாவது கட்டம்:
தாமதத்துக்கான காரணம்.
ஈரக்கையால் எழுதினேன்,
அரை கிளாஸ் காற்று.

அவர் படிக்கவில்லை.
கையெழுத்துப் போட்டார்.