தடைகளை அகற்றவும்

எழுநூறு ரியால். ஆறு பேர் பங்கு.
விற்ற பிலிப்பினோ, பெட்டி தொலைந்துவிட்டது என்றான்.
முகத்தில் படியும் பஞ்சில் முந்தைய ஆளின் வியர்வை
வெள்ளைக் கோடாய் உப்புப் பூத்திருந்தது.
அபூதாகிர் டெட்டால் போட்டுத் துடைத்து
ஏசிக் காற்றில் காயவைத்தான்.

மாட்டிக்கொண்டதும் அது விளையாட்டைக் காட்டவில்லை.
தரையைக் கேட்டது.
இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர்,
சுற்றிலும் கோடு வரை என்றது.
தோஹா, சனையா, அறை எண் பதினேழில்
கை நீட்டினால் எதிர்க்கட்டில்காரன் மூக்கு.
வரைந்தேன். போதாது என்றது.
அரிசி மூட்டையை நகர்த்தினோம். போதாது.
தடைகளை அகற்றவும், என்றது
ஆங்கிலத்தில், மிக மரியாதையாக.
தடைகள் ஐந்து பேரும்
கால்களைக் கட்டில்மேல் தூக்கிக்கொண்டார்கள்.

சுவரில் அட்டவணை எழுதியது நான்,
ஸ்டோரில் கணக்கு எழுதும் கை.
பேட்டரி இரண்டு மணி நேரம், ஆளுக்கு இருபது நிமிடம்.
மீதியும் இல்லை, பாக்கியும் இல்லை.
இந்த நாட்டில் அப்படி ஒரு கணக்கு
அதற்கு முன் நான் எழுதியதில்லை.

ஜெஸ்லினுக்குக் கயிற்றில் தொங்கும் வேலை.
நாற்பதாம் மாடிக் கண்ணாடியை வெளியிலிருந்து துடைப்பவன்.
அவனுக்கென்றே போட்டோம் அந்த விளையாட்டை:
கட்டடத்தின் உச்சியில் நீட்டிய ஒற்றைப் பலகை,
நடக்க வேண்டும், அவ்வளவுதான்.
லிஃப்ட் திறந்தபோது சிரித்துக்கொண்டுதான் நின்றான்.
பிறகு கை தானாக இடுப்புக்குப் போயிற்று.
தடவியது. மறுபடி தடவியது.
"கயிறு எங்கலே?"
இதில் கயிறு கிடையாது என்றோம்.
சிமெண்டுத் தரையில், வெறுங்காலோடு,
ஓர் அடி எடுத்துவைக்க முடியாமல்
இருபது நிமிடமும் அப்படியே நின்றான்.

அபூதாகிர் சவூதி எல்லைவரை ட்ரெய்லர் ஓட்டுபவன்.
கார் பந்தயத்தில் மூன்றாம் வளைவில் வாந்தி.
"ஓடுதுன்னு கண்ணு சொல்லுது,
உக்காந்திருக்கேன்னு காது சொல்லுது,
நடுவுல வயிறு யாரை நம்பும்?" என்றான்
வாளியைக் கழுவியபடி.

எதிரிகளை வெட்டிய வேகத்தில்
தாமாங் ட்யூப்லைட்டை உடைத்தான்.
கேம்ப் பாஸிடம் பல்லி என்று சொன்னோம்.

எனக்குப் பார்வைக் கண்ணாடி உண்டு. அதன்மேல் இதை அழுத்தினால்
மூக்குத்தண்டில் விடியும்வரை இரண்டு பள்ளம்.
கழற்றினால் அந்த உலகமும் மங்கல்தான்.
ஆனாலும் பொய் சொல்ல மாட்டேன்.
குனிந்து பார்த்தேன், அங்கே எனக்குக் கால்கள் இல்லை.
காலை ஐந்திலிருந்து நின்ற கால்கள்.
இல்லாத கால்
இருபது நிமிடம் வலிக்கவில்லை.

சிவதர்சன் எதுவும் ஆடுவதில்லை.
விளையாட்டுக்கு முன்னால் ஒரு வரவேற்பறை வருமே,
பெரிய ஜன்னல், ஒரு நாற்காலி, வெளியே மலை,
அங்கேயே இருந்துவிடுவான்.
என்ன செய்கிறாய் என்று கேட்டால்
"ஒருத்தரும் இல்ல. அதான்."
மட்டக்களப்புக்காரன், அதற்கு மேல் பேசமாட்டான்.
அவன் முறை வந்தால்
நாங்கள் இருமலைக்கூட விழுங்கிக்கொள்வோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மொட்டை மாடிக்கு எடுத்துப்போனோம்.
கோடு வரைந்தேன். முதல்முறையாகச் சரி என்றது.
காய்கிற கவரால்களை ஒதுக்குவதற்காகக் கழற்றி
தண்ணீர்த் தொட்டிமேல் மல்லாத்தி வைத்தேன்.
ஒரு நிமிடம். அதற்கு மேல் இல்லை.
கண்ணுக்கு வைத்த வில்லை
வெயிலுக்கு பூதக்கண்ணாடி என்று யாருக்குத் தெரியும்?
மூன்றரை மணி வெயில் உள்ளே இறங்கி
இடதுபக்கத் திரையில்
ஒரு மஞ்சள் பொட்டு சுட்டுவிட்டது.

யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.
இப்போது எந்த உலகத்துக்குப் போனாலும் அது கூடவே வருகிறது,
பனி பெய்யும் ஊரில், கடலடியில்,
சிவதர்சனின் ஆளில்லாத அறையில்.
தாமாங் அதற்கு ஃபோர்மேன் என்று பெயர் வைத்திருக்கிறான்.

நேற்று ஜெஸ்லின் மறுபடி பலகைமேல் நின்றான்,
ஒரு கை இடுப்பில்.
நாங்கள் கால்களைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தோம்.
ஒன்றரை அடி நடந்தான்.

என் முறை பதினொன்று பத்துக்கு.