ஏழாம் டேப்

மணி பதினொன்றே கால். மன்னார்குடி கூட்டுறவு வங்கி,
சர்வர் அறைக் குளிரில் சால்வையோடு நான்.
டேப் என்பது பெயர்தான்.
நாடா கிடையாது, சுருள் கிடையாது,
டிஸ்க்கில் கோடு கிழித்துப் பிரித்த இடம்.

ஒன்றுக்கு எண்ணூறு ஜிபி வைத்துவிடலாம் என்றார் அன்வர்தீன்.
எண்ணிக்கை குறைந்தால் தலைவலி குறையுமாம்.
போன தையில் நானும் சரி என்றேன்.

மாசியில் தினம் நாற்பது ஜிபி.
ஆனியில் குறுவைக் கடன் கொடுத்த வாரம்
நூற்றுப் பத்து.
மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வர நாளாகும்.
எங்களுக்கு மறுநாளே வெள்ளம்,
சிட்டா, அடங்கல், ஆதார் ஸ்கேன்களாக.

இப்போது தொண்ணூற்றாறு சதவீதம்.
பழையதை அழிக்கப் போனால்
ஏழாம் டேப் மறுக்கிறது.
உள்ளே எல்லாம் காலாவதி,
ஒன்றைத் தவிர:
வடுவூர் தைனேசம்மாள், நகைக்கடன், வழக்கு நிலுவை.
மூன்று எம்பி.
அதற்காக எண்ணூறும் பூட்டிக் கிடக்கிறது.

சின்னச் சின்னதாய்ப் பிரிக்கலாம்.
வரப்பு கூடினால் வயல் குறையும், அதுவும் தெரியும்.
ஐம்பது என்று அடித்தேன்.
அழித்தேன்.
நூறு.

தைனேசம்மாளுக்குத் தனியாக ஓர் ஐந்து.
தீர்ப்பு வரும்வரை
யாரோடும் ஒட்டாமல் இருக்கட்டும்.