எண்ணின மூண்டு

குருநகர் ஐஸ் கொம்பனியின் மேல்மாடி.
கீபோர்ட் இடுக்கெல்லாம் மீன் செதில்.
கணக்குக் கொப்பியை மூடிவிட்டு
எட்டு மணிக்குப் பிறகு ஹாஸ்கல் படிக்கிறன்.
ஏன் எண்டு கேட்ட எமில்டா அக்காவுக்குச் சொன்னன்:
சனிக்கிழமைப் பங்குக் கணக்கை
இனி ஒரு புரோகிராம் பார்க்கட்டும்,
சண்டை வந்தால் அதோடை பிடிக்கட்டும்.

மூண்டு போட்.
நூற்றுப் பன்னிரண்டரைக் கிலோ நண்டு.
போட்டுக்கு எவ்வளவு சராசரி?
கிலோவைக் கூட்டு, போட்டை எண்ணு, வகு.
அஞ்சாம் வகுப்புப் பிள்ளை செய்யும்.
கம்பைலர் செய்யாதாம்.
சிவப்பில் பத்து வரி:
எதிர்பார்த்தது டபிள், வந்தது இன்ட்,
பொருந்தேல்லை.

லிஸ்டை விட்டிட்டு
வெறும் மூண்டைக் கையால் அடிச்சன்.
முப்பத்தேழரை எண்டு உடனே தந்தது.
லிஸ்டை எண்ணி அதே மூண்டைக் குடுத்தன்.
சிவப்பு.
திரும்ப அடிச்சன், விடை.
திரும்ப எண்ணினன், சிவப்பு.
அடிச்ச மூண்டுக்கும் எண்ணின மூண்டுக்கும்
என்னடா வித்தியாசம் எண்டு
ஸ்கிரீனைப் பார்த்துக் கத்தினன்.
கீழே ஐஸ் உடைக்கிறவர்
"என்ன தங்கச்சி?" எண்டார்.
"மூண்டு" எண்டன்.
"ஓம், மூண்டு பெட்டிதான் மிச்சம்" எண்டார்.

விளங்க ரெண்டு கிழமை பிடிச்சது.
அடிச்ச மூண்டு
இன்னும் துறை தேர்ந்தெடுக்காத வள்ளம்.
கிலோவுக்குப் பக்கத்தில் விட்டால் கிலோ,
ஆளுக்குப் பக்கத்தில் விட்டால் ஆள்.
எண்ணின மூண்டு நங்கூரம் போட்டிட்டுது.
ஒவ்வொரு போட்டாய்த் தொட்டுத் தொட்டு வந்தது அது.
மூண்டுக்கும் நாலுக்கும் நடுவில்
அதுக்குத் தண்ணியே இல்லை.
வகுக்க வேணுமெண்டால்
நான்தான் வாயைத் திறந்து சொல்ல வேணும்,
ஃப்ரம்-இன்டெக்ரல் எண்டு.
சொன்னன்.
நங்கூரம் எழும்பியது.

சனிக்கிழமை.
எமிலியான் சம்மாட்டியின்ர போட்டில்
ஜெறாட் ஒரு பங்கு,
மொரிஸ் ஒரு பங்கு,
பதினேழு வயது டிலக்சன் அரைப் பங்கு.
மொத்தம் ரெண்டரை.
அடுத்த பங்ஷன் முழு எண் கேட்டது.
சிவப்பு.
இப்ப நான் தேறின ஆள்தானே,
யோசிக்காமல் ரவுண்ட் எண்டு போட்டன்.
சிவப்பு போயிட்டுது.
ஒரு முறைப்பாடும் இல்லை.

பாதியைக் கண்டால் ரவுண்ட்
இரட்டைப் பக்கம் சாயும்;
எனக்கு அது பிறகுதான் தெரிஞ்சது.
ரெண்டரை ரெண்டாச்சு.
கவரில் அம்பதினாயிரம்.
ஜெறாட் இருபத்தையாயிரம் எடுத்தார்.
மொரிஸ் இருபத்தையாயிரம் எடுத்தார்.
டிலக்சன் துண்டைப் பார்த்தான், கவரைப் பார்த்தான்.
"அக்கா, துண்டில பன்னிரண்டரை கிடக்கு,
இதுக்குள்ள காத்துத்தான் கிடக்கு."

பக்கத்துப் போட்டில் மூண்டரை நாலாச்சு.
எல்லாரும் வாங்கிப் போன பிறகும்
மேசையில் ஏழாயிரம்,
கடலுக்கே போகாத ஓர் அரை ஆளின்ர சம்பளம்.

ஒருத்தரும் புரோகிராமைப் பேசேல்லை.
என்னைத்தான் பார்த்தினம்.
ஜெறாட் ஐயாயிரம் எண்ணி நீட்டினார்,
மொரிஸும் நீட்டினார்,
பெடியன் மடிச்சுச் சட்டைப் பைக்குள் வைச்சான்.
ஏழாயிரத்தை நான்
வீடு வீடாய்க் கொண்டு போய்க் குடுக்க
இருட்டிவிட்டது.

வகை எல்லாம் பொருந்தின இடத்தில்
நான் எண்ணாமல் விட்டிட்டன்.
ரெண்டு அர்த்தத்திலும்.

இரவு ரவுண்டை அழிச்சன்.
ரெண்டரை திரும்பி வந்தது,
அதோடை சிவப்பும் வந்தது, பத்து வரி,
எந்த வரி, எந்த எழுத்து எண்டு
புள்ளி குத்திக் காட்டிக்கொண்டு.
உடனே திருத்தேல்லை.
அது அப்படியே எரியட்டும் எண்டு விட்டிட்டு
கேத்தலை அடுப்பில் வைச்சன்.
கீழே ஐஸ் உடைக்கிற சத்தம்.
எத்தனை அடி எண்டு
எண்ணிக்கொண்டு நிண்டன்.