வரி 412

எமெஷேவுக்கு லிதுவேனிய மொழி தெரியாது.
மூச்சு தெரியும்.
ஔஷ்ரினே மூச்சிழுக்கும் இடத்தில் பொத்தானை அழுத்தினால்
மேடைக்கு மேலே, கறுப்புப் பலகையில்
ருமேனிய எழுத்து எரியும்.
திமிஷோராவில் மூன்றாம் இரவு.
செருப்பு ஆலையை மூடுகிற காட்சி.

411 போனது.
பிறகு மூச்சு வரவில்லை.

முந்நூறு கழுத்துகள் பலகையை விட்டிறங்கி
முதல்முறையாக அவள் முகத்துக்கு வந்தன.
ஈரக் குடைகளின் வாடை.
யாரோ இருமலை விழுங்கினார்கள்.
திரைமறைவில் அடியெடுத்துக் கொடுக்க ஆளில்லை;
அந்தச் சம்பளத்தை எப்போதோ வெட்டிவிட்டார்கள்.

எமெஷே அழுத்தினாள்.
பேசாத வரி மேலே நின்றது.
சபைக்கு முதுகு காட்டித் திரும்பி
அண்ணாந்து
தெரியாத பாஷையில் தன் வசனத்தைத் துழாவினாள் ஔஷ்ரினே.
ஒரே ஒரு சொல் அகப்பட்டது:
ஃபாப்ரிக்கா.
அவள் ஊரிலும் ஆலைக்கு அதே சொல்தான்,
வால் மட்டும் வேறு.
வாலைப் பிடித்து இழுக்க
மீதி மளமளவென்று வந்தது.

மறுநாள் பத்திரிகையில்
அந்த முதுகுக்கு இரண்டு பத்தி.
உழைப்பாளியின் மறுப்பாம்.

எமெஷே தன் பிரதியில்
412க்குப் பக்கத்தில் பென்சிலால் குறித்தாள்:
திரும்புவாள், காத்திரு.

நான்காம் இரவு
நினைவிருந்தும் திரும்பினாள்.