தரிப்பு

சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும்
கப்பல்களுக்கு இடம் ஒழுங்குசெய்வது என் வேலை.
ஏழு வருடம். ஒரு பிழை இல்லை என்று
சொல்லிக்கொள்ள முடிந்தது
போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்று மழை. இணையம் விட்டுவிட்டு வந்தது.
கப்டன் போண்டரென்கோவுக்கு ஆங்கிலத்தில் அடித்தேன்:
உங்கள் பிறப்பு உறுதிசெய்யப்பட்டுள்ளது.
வியாழன் காலை ஆறு மணி.
ஆழம் போதும். இழுவைப் படகு இரண்டு வரும்.

பத்து நிமிடத்தில் பதில்:
மிக்க நன்றி. ஐம்பத்தெட்டு வயதாகிறது,
எனக்கே இவ்வளவு நாளும் சந்தேகம்தான்.
போன தடவையும் இழுவைப் படகு வந்ததா என்று
அம்மாவைக் கேட்க வேண்டும்.

'என்ன புள்ள, கப்டனப் பெத்துப்போட்டியா?'
கிண்ணியா நஸ்லியா சிரித்த சிரிப்பில்
பிளேன்டீ விசைப்பலகைக்குள் போயிற்று.

ஓரெழுத்து.
ஈ வர வேண்டிய இடத்தில் ஐ.
காதுக்கு இரண்டும் ஒன்று.
தமிழில் எழுதிப் பார்த்தேன்:
பேர்த். பேர்த்.
அந்த ஓரெழுத்தும் போய்விட்டது.

ஈ போட்டால் கப்பல் கட்டும் இடம்.
கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில்
கூடக் காசு கொடுத்து வாங்கும் படுக்கையும் அதுதான்.
'அகலமாய் ஒரு பேர்த் கொடு' என்றால்
கிட்டப் போகாதே, ஒதுங்கிப் போ என்று அர்த்தம்.
ஐ போட்டால்,
என்னிடம் இல்லாத பத்திரம்.

தொண்ணூறாம் ஆண்டு, ஆடி.
மூதூரிலிருந்து வந்த கடைசி லோஞ்சு.
வெங்காய மூட்டையில் சாய்ந்தபடி அம்மா, நிறைமாதம்.
இறங்குதுறையில் வெளிச்சம் அடித்து
வராதே என்று காட்டினார்கள். ஊரடங்கு.
போன வழியே திரும்பவும் விடவில்லை.
எல்லாரும் அன்றைக்கு எங்களுக்கு
அகலமாய்த்தான் கொடுத்தார்கள்.
எஞ்சினை நிறுத்திவிட்டு
திருகோணமலை விளக்குகளைப் பார்த்தபடி
விடியும்வரை மிதந்தார்களாம் நாற்பது பேர்.

ஈ கிடைக்காத இடத்தில்
ஐ நடந்தது.
தொப்பூர் ஹாஜரா என்ற பெண், முன்பின் தெரியாதவள்,
மீன் வெட்டும் கத்தியைப்
பிளாஸ்க் சுடுநீரில் கழுவிக் கொடி அறுத்தாள்.
மற்றவர்கள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.
அதைத்தான் அம்மா இப்போதும் சொல்வாள்,
வலியை அல்ல,
நாற்பது முதுகுகளை.

பிறந்த இடம்? என்றார் பதிவாளர்.
கடல், என்றாள்.
கடலுக்குக் கிராம சேவகர் பிரிவு இல்லை.
அடுத்த கிழமை வரச் சொன்னார்.
அடுத்த கிழமை கந்தோரும் இல்லை, நாங்களும் இல்லை.

உத்தேச வயதுச் சான்றிதழில்தான்
பள்ளிக்கூடம், அடையாள அட்டை, இந்த வேலை.
வருடத்தில் ஒருநாள் கேக் வெட்டுகிறேன்,
உத்தேசமாக.

துறைமுகப் படிவத்தின் தமிழ்ப் பக்கத்தில்
தரிப்பிடம் என்று இருக்கும்.
பஸ் நிற்கும் இடத்துச் சொல் என்று நினைத்து
ஏழு வருடமும் தாண்டிப் போயிருக்கிறேன்.
புதன்கிழமை விரல் அதிலேயே நின்றது.
கப்பல் தரிக்கும்.
கருவும் தரிக்கும்.
அடச்சீ, நம் மொழியும் குழப்பிக்கொண்டுதான் இருக்கிறது.
நஸ்லியாவுக்குச் சொன்னேன்.
'அப்ப நீ பிழை விடல்ல' என்றாள்,
விசைப்பலகையைத் தலைகீழாய்த் தட்டிக்கொண்டே.

வியாழன், ஆறு பத்து.
இழுவைப் படகு இரண்டும் வந்தன.
மாலுமிகள் பட்டியலை நீட்டினார் கப்டன்,
நினைத்ததைவிடக் குள்ளம், சளி பிடித்திருந்தது.
அதில் ஒரு நிரல், ஐ போட்டது: பிறந்த இடம்.
இருபத்திரண்டு ஊர்கள்.
அவருடையதை எழுத்துக்கூட்டி வாசித்து
சரியா என்று கேட்டேன். இனிப் பிழை விடக்கூடாது.

கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்தார்.
'எழுத்து சரி' என்றார்.

வேறு கேட்கவில்லை. முத்திரை குத்தினேன்.
கீழே கயிற்றை இறுக்கினார்கள்.
ஆலைக் குழாய் கோதுமையை உறிஞ்சத் தொடங்கியது.