பதினைந்து நிமிடம்

என் கைப்பேசியின் சாவி
நார்வேக்கும் வடக்கே ஒரு மீன்பிடிக் கப்பலில்
அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது.

இரவு எட்டரைக்குத் திரை சாம்பல் பூத்துவிடும்.
கீழே ஒரு பொத்தான் மட்டும்: கூடுதல் நேரம் கேள்.
அழுத்தினால் அப்பாவுக்குப் போகும்,
கடல் மனது வைத்தால்.

அம்மாவின் வழி வேறு.
மீன் ஆலையிலிருந்து வந்து இரண்டு முறை கை கழுவி
என் தோளுக்குப் பின்னால் நின்று
"யாரோடு?" என்பாள்.
அவள் கேட்பது பெயரை அல்ல.
நான் சொல்வது பெயரை மட்டும்.

பியார்தாவின் அம்மா எல்லாச் செய்தியும் படிப்பார்.
அதனால் கிளாக்ஸ்விக்கில் இரண்டு பியார்தா.
அம்மாவுக்கான பியார்தா
ஓயாமல் வீட்டுப்பாடம் பற்றியே பேசுகிறாள், பாவம்.

தான்யாலை யாரும் எதுவும் கேட்பதில்லை.
விடிய விடிய விளையாடுவான், ராஜா.
எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும்
அம்மா "போதும், கீழே வை" என்று அதட்டும்வரை
கிளம்பவே மாட்டான்.

போன இலையுதிர் காலத்தில், துறைமுகத்தில்,
எல்லார் முன்னாலும் கத்தினேன்:
"நீ இல்லாத வீட்டில் உன் சட்டம் எதற்கு?"
அப்பா கயிற்றைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.
"தூரத்திலிருந்து இவ்வளவுதான் முடிகிறது" என்றார்.
கட்டைவிரல் தடித்தவர்;
என் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்துத்தான்
கப்பலேறினார்.

ஜனவரியில் புயல்.
கம்பெனிக்காரர்கள் "தொடர்பு இல்லை, அவ்வளவுதான்" என்றார்கள்.
அந்த அவ்வளவுதானை
அம்மா தொலைபேசியை வைத்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டரை. சாம்பல்.
விளையாட மனமில்லை. அழுத்தினேன்.
மறுநாளும் அழுத்தினேன்.
ஒவ்வொரு இரவும் ஒரு முறை,
கதவைத் தட்டிவிட்டுக் காது வைப்பதுபோல.

ஒன்பதாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு
தலையணைக்கடியில் அதிர்வு.
பதினைந்து நிமிடம் அனுமதி.
பதினைந்து நிமிடம் அனுமதி.
பதினைந்து.
ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பதும் வந்து சேர்ந்தன,
வலை ஏறும் மீன்கள் மாதிரி.

ஓடிப்போய் அம்மாவை எழுப்பினேன்.
"இந்நேரத்தில் போன் எப்படித் திறந்தது?" என்றுதான்
முதலில் கேட்டாள்.
பிறகு திரையைப் பார்த்தாள்.
பிறகு கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.

இரண்டே கால் மணி நேரம் கையில் இருந்தது.
ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

காலையில் அப்பாவிடமிருந்து ஒரு வரி:
"தினம் தினம் கேட்டிருக்கிறாய்.
இவ்வளவு விளையாட்டு ஆகாது, ரன்வா."

சரி என்று அனுப்பினேன்.
எட்டரைக்கு மறுபடி அழுத்தினேன்.